எல்லை மறுபடி மாறும் முன் கன்னியாகுமரியின் தேர்தல் ஏட்டைச் சரிசெய்யுங்கள்: ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமைத் தேர்தல் அதிகாரி, தமிழ்நாடு, சென்னை.
மாவட்டத் தேர்தல் அலுவலர் மற்றும் மாவட்ட ஆட்சியர், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: நாகர்கோவில் / கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியின் 1951 முதல் 2024 வரையிலான தேர்தல் முடிவுகளை, பேரவைப் பிரிவு (மக்களவைத் தொகுதிக்குள் வரும் சட்டமன்றத் தொகுதி) வாரியாகவும் நிலப்பரப்பு வாரியாகவும் ஒரே பதிவேடாக வெளியிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. தொகுதிகளின் எண்ணிக்கையை மாற்ற 84-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் போட்டு வைத்த தடை, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்போடு முடிகிறது. தொகுதி மறுவரையறை எப்போது, எந்த விகிதத்தில் நடக்கும் என்ற சண்டை டெல்லியில் நடக்கட்டும். எங்கள் கோரிக்கை சின்னது, உங்கள் அலுவலகங்களின் கைக்குள் இருப்பது. கோடுகள் மறுபடி மாறுவதற்குள் இந்தத் தொகுதியின் பழைய கணக்கை ஒழுங்காக எழுதி வையுங்கள். இப்போது புழங்கும் "தொகுதி வரலாறு" என்பது வென்றவர் பெயர், கட்சி, ஆண்டு என்ற மூன்று கட்ட அட்டவணை. அதை நம்பிக் கணக்குப் போடுகிறவர் எங்கெல்லாம் சறுக்குகிறார் என்பதைச் சொன்னால், என்ன தேவை என்பது தானே விளங்கும்.

முதல் வரியிலேயே சிக்கல் இருக்கிறது. 1951–52 பொதுத்தேர்தலில் நாகர்கோவில் சென்னை மாநிலத்துத் தொகுதியே அல்ல, திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துத் தொகுதி. அங்கே வென்ற ஏ. நேசமணி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வேட்பாளர். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. ஆகவே தமிழகத்தின் அறிக்கைகளை மட்டும் புரட்டுகிறவருக்கு இந்தத் தொகுதி 1957-இல், தாணுலிங்க நாடாரின் காங்கிரஸ் வெற்றியோடு, திடீரென்று முளைத்ததுபோல் தோன்றும். 1951–52 விவரம் திருவிதாங்கூர்–கொச்சிக் கணக்கில் கிடக்கிறது. மூல ஆவணம் ஏதும் மிஞ்சியிருந்தால் அதைத் தேட வேண்டிய இடம் திருவனந்தபுரம். கேரளத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் போனால் ஆகிற வேலை இது. தனிமனிதர் தகவல் உரிமை மனு போட்டால், அது எந்த மாநிலத்துக்கு உரியது என்று தீர்மானிப்பதற்குள்ளேயே முப்பது நாள் ஓடிவிடும்.

அடுத்தது இடைத்தேர்தல். 1962, 1967 இரண்டு தேர்தல்களிலும் நேசமணி காங்கிரஸ் சார்பில் வென்றார். 1968-இல் அவர் மறைந்ததும் 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராஜர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதற்கு முந்தைய பொதுத்தேர்தலில்தான் விருதுநகர் அவரைக் கைவிட்டிருந்தது. பொதுத்தேர்தல் அறிக்கைகளை மட்டும் வரிசையாக அடுக்கினால் 1967-க்கு அடுத்து 1971 வரும், 1969 காணாமல் போகும். 2020 ஆகஸ்டில் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் எச். வசந்தகுமார் கொரோனாவால் இறந்த பிறகு 2021 ஏப்ரல் 6-இல் நடந்த இடைத்தேர்தலுக்கும் இதே கதிதான். இடைத்தேர்தல் முடிவுகள் தனி ஏடுகளில் இருப்பதால், பதிவேட்டில் அவற்றை அந்தந்த ஆண்டு வரிசையிலேயே சேர்க்க வேண்டும். பின்னிணைப்பில் தள்ளினால் மறுபடி விட்டுப்போகும்.

கட்சிப் பெயர் விஷயத்தில் இந்தத் தொகுதி அளவுக்குக் குழப்பும் தொகுதி தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. காமராஜர் 1969 ஜனவரியில் வென்றபோது காங்கிரஸ் உடையவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் உடைந்தது. 1971-இல் அதே மனிதர் அதே தொகுதியில் வென்றார், ஆனால் ஏட்டில் அது, உடைந்ததில் ஒரு பிரிவான ஸ்தாபன காங்கிரஸின் வெற்றி. அந்தத் தேர்தலில் தமிழகத்தில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடமும் இதுதான். 1977-இல் குமரி அனந்தன் வென்றதும் ஸ்தாபன காங்கிரஸ் கணக்கில் வருகிறது. 1980 முதல் 1998 வரை என். டென்னிஸ் தொடர்ந்து ஆறு முறை வென்றார். அவற்றில் 1980, 1984, 1989, 1991 நான்கும் காங்கிரஸ், 1996-உம் 1998-உம் தமிழ் மாநில காங்கிரஸ். எனவே "காங்கிரஸ் இங்கே எத்தனை முறை வென்றது?" என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு, மூன்றும் சரி. இடைத்தேர்தல்களையும் சேர்த்து, தேர்தல் ஆணையம் இந்திய தேசிய காங்கிரஸ் என்று பதிந்த வெற்றிகள் 11. ஸ்தாபன காங்கிரஸைச் சேர்த்தால் 13. த.மா.கா.வையும் சேர்த்தால் 15. தொலைக்காட்சி விவாதங்களில் இந்த மூன்றும் மாறி மாறி ஒலிப்பதற்குக் காரணம் ஆளுக்கொரு வரையறை வைத்துக்கொள்வதுதான். பதிவேட்டில் "தேர்தல் நாளன்று பதிவான கட்சி", "சின்னம்", "கூட்டணி" என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தால், கூட்டிக்கொள்வது படிப்பவர் பொறுப்பு.

கூட்டணிக் கட்டம் எதற்கு என்று கேட்கலாம், அது அரசியல் அல்லவா என்றும் தயங்கலாம். அது இல்லாமல் கடைசிப் பத்தாண்டு எண்களுக்குப் பொருளே இல்லை. 2014-இல் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் 3,72,906 வாக்கு பெற்று 1,28,662 வித்தியாசத்தில் வென்றார். 2019-இல் அவர் பெற்றது 3,67,302. தோற்ற வித்தியாசம் 2,59,933. 2024-இல் 3,66,341 பெற்று 1,79,907-இல் தோற்றார். பத்தாண்டு இடைவெளியில் அவருடைய பொதுத்தேர்தல் வாக்கு ஏழாயிரத்துக்குள்தான் ஆடியிருக்கிறது. மாறியது எதிர்த்தரப்பு. 2014-இல் காங்கிரஸ், திமுக, அதிமுக, மார்க்சிஸ்ட் நால்வரும் தனித்தனியே நின்றார்கள். வசந்தகுமாருக்கு 2,44,244 கிடைத்தது. அதிமுகவும் திமுகவும் தலா ஒரு லட்சத்தைத் தாண்டின. 2019-இல் காங்கிரஸும் திமுகவும் இடதுசாரிகளும் ஓரணியில் நிற்க, வசந்தகுமார் 6,27,235-க்குப் போனார். அந்த முறை அதிமுக பாஜகவோடு இருந்தும் பாஜக எண் ஏறவில்லை என்பதை எந்த மூன்று கட்ட அட்டவணையும் காட்டாது. 2021 இடைத்தேர்தலில் மட்டும் அது 4,38,087-க்கு ஏறியது. காங்கிரஸின் விஜய் வசந்த் 5,76,037 பெற்று 1,37,950-இல் வென்றார். 2024-இல் அதிமுக பாஜகவை விட்டுப் பிரிந்து நின்று, நாம் தமிழர் கட்சிக்கும் பின்னால் நான்காம் இடத்துக்குப் போய் டெபாசிட்டை இழந்தது. "பாஜக அலை", "காங்கிரஸ் கோட்டை" என்று எழுதுகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை நிலப்பரப்பில் நடக்கிறது. 2008 மறுவரையறைக்குப் பிறகு தொகுதியின் பெயர் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி ஆனது. வெறும் பெயர் மாற்றம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பழைய நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டார், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு பேரவைத் தொகுதிகள் இருந்தன. மாவட்டத்தில் அப்போது பேரவைத் தொகுதிகள் ஏழு. ஏழாவதான கன்னியாகுமரி, திருச்செந்தூர் மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. 2008 ஆணை திருவட்டாரைக் கலைத்துவிட்டு, கன்னியாகுமரியை உள்ளே கொண்டுவந்தது. இன்றைய 229 முதல் 234 வரையிலான ஆறு தொகுதிகளும் சேர்ந்து மாவட்டம் முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதி. இப்போதைய எண் 39.

அதாவது, முக்கடல் சங்கமத்தில் குடியிருந்த ஒரு வாக்காளர் 1999-இல் பொன். ராதாகிருஷ்ணனுக்கோ அவரை எதிர்த்தோ வாக்களித்திருக்கவே முடியாது. அவருடைய மக்களவை உறுப்பினர் திருச்செந்தூரில் வென்ற திமுகவின் ஏ.டி.கே. ஜெயசீலன். அதற்கு முந்தைய ஆண்டு அதிமுகவின் நடிகர் ராமராஜன். 2004-இல் திமுகவின் ராதிகா செல்வி. "அதிமுக இங்கே மக்களவைக்கு ஒருபோதும் வென்றதில்லை" என்பது நாகர்கோவில், கன்னியாகுமரி என்ற பெயர்களை மட்டும் பார்த்தால் சரி. இன்றைய தொகுதி நிலத்தின் ஒரு பகுதிக்கு 1998-இல் அதிமுக உறுப்பினர் இருந்திருக்கிறார். அதேபோல் 2004-இல் ஏ.வி. பெல்லார்மின் மார்க்சிஸ்ட் கட்சிக்காகப் பெற்ற வாக்கையும், 2009-இல் ஜெ. ஹெலன் டேவிட்சன் திமுகவுக்காகப் பெற்ற 3,20,161-ஐயும் பக்கத்தில் வைத்து "ஏறியது, இறங்கியது" என்று எழுதுவது, இரண்டு வெவ்வேறு நிலங்களின் விளைச்சலை ஒப்பிடும் காரியம்.

இதற்கு மருந்து இருக்கிறது, செலவும் இல்லை. பழைய நாகர்கோவில் முடிவோடு, அதே ஆண்டின் திருச்செந்தூர் முடிவிலிருந்து கன்னியாகுமரி பேரவைப் பிரிவின் வாக்குகளை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்தால் இன்றைய எல்லைக்கு ஏற்ற கணக்கு கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: இதைக் கட்சி வாரியாகச் செய்யக் கூடாது, அணி வாரியாகத்தான் செய்ய வேண்டும். 1999-இல் நாகர்கோவிலில் நின்றது பாஜக, திருச்செந்தூரில் நின்றது அதன் கூட்டாளியான திமுக. 2004-இல் நாகர்கோவிலில் மார்க்சிஸ்ட், திருச்செந்தூரில் திமுக, இரண்டும் ஒரே அணி. எதிரே நாகர்கோவிலில் பாஜக, திருச்செந்தூரில் அதிமுக, அவையும் ஒரே அணி. கட்சிப் பெயரை வைத்துக் கூட்டினால் 2004-இல் கன்னியாகுமரிப் பிரிவில் பாஜக பூஜ்யம் என்று வரும். அந்தப் பூஜ்யத்தை வைத்து 2009-இல் "அசுர வளர்ச்சி" என்று யாராவது கட்டுரை எழுதுவார்கள்.

உள்ளே இன்னொரு அடுக்கு. திருவட்டார் கலைந்தபோது அதன் ஊர்கள் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பிரிந்துபோயின. ஆகவே பழைய பத்மநாபபுரமும் இன்றைய பத்மநாபபுரமும் ஒன்றல்ல, விளவங்கோடும் அப்படியே. மக்களவைத் தொகுதி அளவில் இது தெரியாது, பேரவைப் பிரிவு அளவில் ஒப்பிட்டால் காலை வாரும். இங்கேதான் நிர்வாக எல்லை வந்து கூடுதல் முடிச்சுப் போடுகிறது. 2008 ஆணை ஊர்களையும் தாலுகாக்களையும் 2004 பிப்ரவரி 15-இல் இருந்தபடி குறிப்பிடுகிறது. அப்போது மாவட்டத்தில் நான்கு தாலுகாக்கள். இன்று கிள்ளியூர், திருவட்டார் சேர்ந்து ஆறு. நாகர்கோவில் அப்போது நகராட்சி, இப்போது மாநகராட்சி. ஆணையில் "கல்குளம் தாலுகா (பகுதி)" என்று இருப்பதை இன்றைய வரைபடத்தில் தேடினால் பாதி ஊர் திருவட்டார் தாலுகாவில் உட்கார்ந்திருக்கும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் உங்கள் தேர்தல் வட்டாட்சியர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும்தான். வருவாய்க் கிராமத்தின் பெயர், அது 1976 மறுவரையறை ஆணையில் எந்தப் பேரவைத் தொகுதி, 2008 ஆணையில் எது, அன்றைய தாலுகா, இன்றைய தாலுகா என்று ஐந்து கட்டத்தில் ஒரு பட்டியல் போதும். மாவட்டத்துக்கு மொத்தமாகவே சில பக்கங்களில் அடங்கிவிடும்.

இது ஆராய்ச்சிக்காரர்களின் ஆசை மட்டும் அல்ல. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002–2005 காலத்துப் பட்டியலில் தங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடச் சொன்னார்கள். அந்தப் பட்டியல் பழைய தொகுதிகளின்படி இருந்தது. இருபது வயதுப் பையனுக்குத் திருவட்டார் என்று ஒரு பேரவைத் தொகுதி இருந்ததே தெரியாது. பத்மநாபபுரத்தில் தேடிவிட்டு "பெயர் இல்லை" என்று முடிவுகட்டுவது எவ்வளவு சுலபம்! மேலே சொன்ன ஐந்து கட்டப் பட்டியல் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களின் கையில் இருந்தால் அந்தத் தேடல் அங்கேயே தீரும். அடுத்த மறுவரையறைக்குப் பிறகும் யாரோ ஒருவர் இன்றைய பட்டியலை இதேபோல் தேடப்போகிறார்.

இனி வாக்குச்சாவடி அளவுக்கு இறங்குவோம். படிவம் 20 என்பது இறுதி முடிவுத் தாள். ஒவ்வொரு பேரவைப் பிரிவுக்கும் ஒன்று. வாக்குச்சாவடி வரிசை கீழே இறங்கும், வேட்பாளர் வரிசை குறுக்கே போகும். மின்னணு இயந்திரக் காலத்துக்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்ததால், சாவடி வாரியான கணக்கைப் பின்னோக்கி வெகுதூரம் கொண்டுபோக முடியாது. 2004 மக்களவைத் தேர்தல்தான் நாடு முழுக்க இயந்திரத்தில் நடந்த முதல் பொதுத்தேர்தல் என்பதால், அதையே தொடக்கக் கோடாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பு பேரவைப் பிரிவு அளவு போதும்.

படிவம் 20-ஐக் கையாளும்போது நேரும் தவறுகள் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரியானவை. ஆறு பிரிவுகளின் தாள்களையும் கூட்டினால் அறிவிக்கப்பட்ட மொத்தம் வராது, குறையும். தபால் வாக்குகள் மக்களவைத் தேர்தலில் பேரவைப் பிரிவு வாரியாக அல்லாமல் தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசையில் தனியே எண்ணப்படுகின்றன. ஆறு தாள் கூட்டல் தபால் வாக்குத் தாள் சமம் இறுதி முடிவு. இந்த ஏழாவது தாளை இணையத்தில் ஏற்றாமல் விட்டால், கணக்குப் பார்க்கிறவர் சில ஆயிரம் வாக்குகள் "காணவில்லை" என்று புரளியைக் கிளப்பிவிடுவார். அந்தப் புரளிக்குப் பதில் சொல்வதைவிடத் தாளை ஏற்றுவது எளிது.

சில சாவடிகளுக்கு எதிரே கட்டங்கள் வெறுமையாக இருக்கும். காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்திவிட்டு இயந்திரத்தைத் துடைக்காமல் விட்டிருந்தாலோ, எண்ணும் நாளில் காட்சித்திரை வேலை செய்யாவிட்டாலோ அந்த இயந்திரத்தை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அத்தகைய சாவடிகளில் பதிவான வாக்கைவிட அதிகமென்றால் அவற்றைத் தொடாமலே முடிவை அறிவித்துவிடுவார்கள். நடைமுறை சரிதான், ஆனால் தாளில் ஒரு வரிக் குறிப்பு இல்லாமல் வெற்றுக் கட்டம் மட்டும் இருந்தால், தட்டச்சு செய்பவர் அதைப் பூஜ்யம் என்று அடித்துவிடுவார். வாக்குப்பதிவு விகிதம் அங்கேயே கெடும். வெற்றிடமும் பூஜ்யமும் வேறு வேறு என்று பதிவேட்டு விதிகளின் முதல் வரியிலேயே போட வேண்டும்.

சாவடி எண்ணையும் நம்ப முடியாது. வாக்காளர் எண்ணிக்கை உச்சவரம்பைத் தாண்டினால் துணைச் சாவடி பிறக்கும், பட்டியல் சீரமைப்பில் எண் முழுக்க நகரும். 2019-இன் 112-உம் 2024-இன் 112-உம் ஒரே தெருவாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பள்ளிக் கட்டடத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டால் ஓரளவு வழி தெரியும். அதுவும் ஒரே பள்ளியில் மூன்று அறை, மூன்று சாவடி என்றால் வடக்குப் பார்த்த கட்டடம், தெற்குப் பார்த்த கட்டடம் என்பதெல்லாம் வேண்டியிருக்கும். உறுதியான திறவுகோல் வாக்காளர் பட்டியல் பாகத்தின் முதல் பக்கத்தில் உள்ள பிரிவுகள்: தெரு, வார்டு, குக்கிராமம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த முதல் பக்கத்தை மட்டும் பாதுகாத்தால் போதும், வாக்காளர் பெயர் எதுவும் வெளியே வரத் தேவையில்லை.

சதவீதத்தில் ஒரு சின்ன நெருடல். 2014 முதல் மக்களவைத் தேர்தலில் நோட்டா இருக்கிறது. மொத்த வாக்கில் அதைச் சேர்த்து வகுப்பவர் உண்டு, சேர்க்காமல் வகுப்பவர் உண்டு. டெபாசிட் கணக்குக்கு நோட்டா சேராது. செல்லும் வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற வேண்டும். 2024-இல் முதல் இருவர் பெற்றதே 9,12,589. அதன் ஆறில் ஒரு பங்கே ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது என்பதால் மூன்றாமவர் தொடங்கி யாருக்கும் டெபாசிட் மிஞ்சவில்லை என்பதைக் கணிப்பொறி இல்லாமலே சொல்லிவிடலாம். வாக்குச்சீட்டுக் காலத்தில் செல்லாத வாக்குகள் வேறு கணிசமாக இருந்தன. பதிவேட்டில் சதவீதமே போடாதீர்கள் என்பது எங்கள் கருத்து. பதிவானவை, செல்லாதவை, நோட்டா, தபால் என்று எண்களாகக் கொடுத்துவிடுங்கள், வகுத்தல் எல்லோருக்கும் தெரியும்.

இந்தத் தொகுதியின் படிவம் 20-களில் புதையல் என்று சொல்லத்தக்கவை இரண்டு உண்டு. 2021 ஏப்ரல் 6 அன்று மக்களவை இடைத்தேர்தலும் சட்டமன்றப் பொதுத்தேர்தலும் ஒரே நாளில், ஒரே சாவடியில், ஒரே வாக்காளரிடம் இரண்டு இயந்திரத்தில் நடந்தன. மக்களவைக்கு விஜய் வசந்த் வென்ற அதே நாளில் நாகர்கோவில் சட்டமன்றத்துக்கு பாஜகவின் எம்.ஆர். காந்தியையும், கன்னியாகுமரி அதிமுகவின் தளவாய்சுந்தரத்தையும் தேர்ந்தெடுத்தன. மற்ற நான்கும் திமுக–காங்கிரஸ் அணிக்குப் போயின. இரண்டு தாள்களையும் சாவடி சாவடியாகப் பக்கத்தில் வைத்தால், மேலே ஒன்று கீழே ஒன்று என்று பிரித்துக் குத்தியவர்கள் எந்தப் பகுதியில் அதிகம் என்பது தெரிந்துவிடும். கருத்துக்கணிப்பு நடத்தித் தெரிந்துகொள்ள முடியாத விஷயம். 2024 ஏப்ரல் 19-இல் விளவங்கோட்டில் மறுபடி இதே நிலைமை: விஜயதரணி காங்கிரஸை விட்டு விலகியதால் வந்த சட்டமன்ற இடைத்தேர்தலும் மக்களவைத் தேர்தலும் ஒன்றாக நடந்தன. சட்டமன்றத்துக்குக் காங்கிரஸின் தாரகை கத்பர்ட் வென்றார். மற்ற ஐந்து பிரிவிலும் ஒரே இயந்திரம், விளவங்கோட்டில் மட்டும் இரண்டு. இந்த நான்கு தாள்களும் உங்கள் தளத்தில் வேறு வேறு மூலையில், சட்டமன்றம் தனி, மக்களவை தனி, இடைத்தேர்தல் தனி என்று சிதறாமல் ஒரே அடைவில் இருக்க வேண்டும்.

குறிப்புக் கட்டம் ஒன்றும் கேட்கிறோம். கடலோரச் சாவடிகளுக்கு அது இல்லாமல் ஆகாது. மீன்பிடித் தடைக்காலம் இந்த மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரை விதிப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரை விதி, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 2024-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. கிழக்கே விசைப்படகுகள் கரையில் நின்ற நாள், மேற்கே தடை தொடங்காத நாள். 2019-இன் ஏப்ரல் 18-உம் அப்படியே. 2021-இன் ஏப்ரல் 6-இல் இரு பக்கமும் தடை இல்லை. ஆழ்கடலுக்குப் போகும் படகு திரும்ப வாரக்கணக்கில் ஆகும் ஊர்களில் வாக்குப்பதிவு குறைந்தால், அதை "ஆர்வமின்மை" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். தேதியையும் தடைக்காலத்தையும் குறித்துவைத்தால் அடுத்தவர் யோசித்தாவது எழுதுவார்.

கடைசியாக, எப்படி வெளியிடுவது. படிவம் 20-ஐ ஸ்கேன் செய்து, பக்கம் பக்கவாட்டில் திரும்பியிருக்க, முத்திரை எண்ணின் மேல் விழுந்திருக்க, பிடிஎஃப் ஆக ஏற்றுவது சட்டப்படி போதுமானதாக இருக்கலாம். பயனுக்குப் போதாது. எண்ணும் இடத்தில் அந்தத் தாள் கணினியில்தான் தயாராகிறது. அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்வதற்கு முந்தைய எக்செல் கோப்பையும் கூடவே ஏற்றுங்கள். இரண்டும் முரண்பட்டால் கையெழுத்திட்ட தாளே செல்லும் என்று ஒரு வரி போட்டுவிட்டால் சிக்கல் வராது. கோப்பின் பெயரில் ஆண்டு, மக்களவையா சட்டமன்றமா, பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா, தொகுதி எண் நான்கும் இருக்கட்டும். தொகுதிப் பெயரை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுவதால் பெயரை வைத்து இணைக்கும் முயற்சி பாதியில் நிற்கும். எண்ணையும், எந்த மறுவரையறை ஆணையின் எண் என்பதையும் வைத்து இணைப்பதே வழி.

வேலை வரிசையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் 2009, 2014, 2019, 2021, 2024 ஆகிய ஐந்து தேர்தல்கள். எல்லை ஒன்றே என்பதால் உடனே ஒப்பிடலாம், தாள்களும் உங்களிடமே இருக்கும். அடுத்து 2004, 1999, 1998, திருச்செந்தூரின் கன்னியாகுமரிப் பிரிவையும் சேர்த்து. இதற்குத் தூத்துக்குடி மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் ஒத்துழைப்பு வேண்டும், மாவட்டங்களுக்கு இடையே கடிதம் எழுதத் தலைமைத் தேர்தல் அதிகாரி சொன்னால் போதும். பிறகு 1977 வரை பின்னோக்கி, 1976 ஆணையின் எல்லையில். அதற்கும் முந்தையவை, அதாவது 1957 முதல் 1971 வரை, தனிப் பகுதியாக. அவற்றின் எல்லை வேறு என்பதால் அவற்றை இன்றைய எல்லைக்கு மாற்ற முயல வேண்டாம். அந்தந்த ஆணையின் தொகுதி விவரிப்பை அப்படியே படியெடுத்து முன்னால் வையுங்கள். 1951–52 கேரளத்திலிருந்து வந்த பின் சேரட்டும், அதற்காக மற்றவை காத்திருக்க வேண்டாம்.

அழிப்பு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். தேர்தல் நடத்தை விதிகளின்படி குறிப்பிட்ட காலம் கழிந்ததும் பல ஆவணங்களை அழிக்கலாம், அழித்தும் வருகிறீர்கள். வாக்குச்சீட்டையும் அடிக்கட்டையையும் யாரும் கேட்கவில்லை. முடிவுத் தாள்கள், சாவடிப் பட்டியல்கள், பாகங்களின் முதல் பக்கங்கள் ஆகிய மூன்றையும் பதிவேடு முடியும் வரை கழிவுப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று தேர்தல் பிரிவுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அந்தச் சுற்றறிக்கையின் நகலை மாவட்ட ஆட்சியரகத் தகவல் பலகையில் ஒட்டினால், அதையே இந்த மடலுக்குப் பதிலாக எடுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியின் தேர்தல் ஆவணங்களைத் தொகுத்துவரும் வாக்காளர்கள்